இலை காயும்வரை கை வைக்காதீர்கள்



ஏப்ரல் பாதி கடந்த பிறகும் முன்முற்றத்தில் ஒரு துலிப் முளையைக்கூடக் காணவில்லை என்றால் கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கத்துத் தமிழர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "இந்தமுறைக் குளிர் கிழங்கையெல்லாம் கொண்டுபோட்டுது" என்பார்கள். அடுத்த சனிக்கிழமை யாராவது மண்வெட்டியோடு பாத்தியில் இறங்கிவிடுவார். கிண்டினால் கிழங்கு கிடைக்கும். அதன் உச்சியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு முளையும் இருக்கும். பல வீடுகளில் அந்த முளை மண்வெட்டி பட்டு முறிந்த நிலையில்தான் கைக்கு வரும். துலிப் கிழங்கின் நடுவே பூவைச் சுமக்கும் முளை ஒன்றே ஒன்றுதான். அது முறிந்தால் அந்த ஆண்டு அந்தக் கிழங்கில் பூ இல்லை.

அந்த மண்வெட்டியைத் தடுக்கவே இந்த மடல். அதைவிட முக்கியமாக, மே கடைசியில் எடுக்கப்படும் கத்தரிக்கோலைத் தடுக்க. நீண்ட குளிர்காலம் துலிப்பையும் டாஃபடிலையும் பிந்தச் செய்யும். நிலத்தில் ஒழுங்காக நட்ட கிழங்கை அது கொல்வது அரிது. கெடுதல் நடப்பது பூ வாடிய பின்பு, குளிரையெல்லாம் எல்லோரும் மறந்துவிட்ட நேரத்தில். அதுவும் பெரும்பாலும் நம் கையால்தான் நடக்கிறது.

முதலில் கிழங்குக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டும். அக்டோபரில் கடையில் வாங்கும் துலிப் கிழங்கு ஒன்றைக் கூரான கத்தியால் மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்தால், தவிட்டு நிறத் தோலுக்குள் வெள்ளை வெளேரென்ற செதில்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கும். அவற்றின் நடுவில், அடித்தட்டை ஒட்டி, இளமஞ்சளாக நெல்மணி போல ஒன்று தெரியும். கைவில்லை வைத்துப் பார்த்தால் ஆறு இதழ்களும், ஆறு மகரந்தத் தாள்களும், நடுவே மூன்று மடலாக நிற்கும் சூலகமுமாக ஒரு முழுப்பூ அங்கே இருக்கும். அடுத்த மே மாதத்தில் மலரப்போகும் பூ, நடுவதற்கு முன்பே, முந்தைய ஜூலை ஆகஸ்ட் வெப்பத்தில் உருவாகி முடிந்திருக்கிறது. டாஃபடில் இன்னும் முந்திக்கொள்ளும். இலை முழுதாகக் காயும் முன்பே அடுத்த ஆண்டுப் பூவைத் தொடங்கிவிடும்.

ஆகவே குளிர்காலம் வருகிறபோது பூ ஏற்கெனவே தயார். அது மண்ணைவிட்டு மேலே எழுவதற்குத் தண்டு நீள வேண்டும். தண்டு நீளக் குளிர் வேண்டும். ஒன்பது பாகை செல்சியஸுக்குக் கீழே ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் கிடந்தால்தான் துலிப்பின் தண்டு நன்றாக நீளும் தகுதியைப் பெறும். குளிர் போதாத கிழங்கு தண்டே இல்லாமல் மண்ணோடு மண்ணாகக் குறுகிப் பூக்கும். அல்லது மொட்டிலேயே கருகும். நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் தாவரவியலாளர் ஏ. எச். பிளாவும் அவருடைய கூட்டாளிகளும் 1920களில் கிழங்குகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து, உள்ளே பூ உருவாகும் ஒவ்வொரு கட்டத்தையும் கவனித்துப் பதிந்தார்கள். குளிரறையில் வைத்து எடுத்து நடுக்குளிர்காலத்தில் துலிப்பைக் கடைக்குக் கொண்டுவரும் தொழில் அந்த வகை ஆராய்ச்சியில்தான் வேரூன்றியது.

ஒன்டாரியோவில் இந்தக் குளிர்த்தேவை பிப்ரவரிக்குள் நிறைவேறிவிடும். அதற்குப் பிறகு வரும் குளிர் கிழங்குக்குப் பெரிதாக எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதுமில்லை. வெறுமனே நிறுத்திவைக்கிறது. இனி எல்லாம் சூட்டின் கையில்.

சூட்டைத் தோட்டக்கலைக்காரர்கள் எண்ணும் முறை எளிது. ஐந்து பாகையை அடித்தளமாக வைத்துக்கொண்டால், சராசரி ஆறு பாகை இருந்த ஒரு நாள் செடியின் கணக்கில் ஒன்றுதான் சேர்க்கும். பன்னிரண்டு பாகை இருந்த நாள் ஏழு சேர்க்கும். ஏப்ரல் குளிர் ஒரு வாரம் முழுக்க உழைத்துச் சேர்ப்பதை ஓர் இதமான மே நாள் ஒரே நாளில் சேர்த்துவிடுகிறது. மார்ச் கடைசியில் மூன்று வாரம் பிந்தியிருந்த தோட்டம் மே நடுவில் பத்து நாள் மட்டும் பிந்தியிருப்பது இதனால்தான். ஒரே வளவுக்குள்ளும் இதைக் காணலாம். தெற்குப் பார்த்த சுவரோரத்தில் துலிப் பூத்து நிற்கும்போது வேலிநிழலில் உள்ளது அப்போதுதான் இலை விரிக்கும். இரண்டும் ஒரே பையில் வாங்கிய கிழங்காகக்கூட இருக்கும்.

பனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. அதனால் அது நிலத்தின்மேல் போர்வையாகிறது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிர் அடித்தாலும், தடித்த பனியின் கீழ் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் கிழங்கைச் சுற்றிய மண் உறைநிலையை ஒட்டியே நிற்கும். பனி நிறைந்த கடுங்குளிர்காலத்தைவிட, பனியே இல்லாமல் உறைவதும் இளகுவதுமாக மாறிமாறி வரும் குளிர்காலம்தான் கிழங்குக்கு வில்லங்கம். நிலம் உப்பி இறங்கும்போது ஆழம் குறைவாக நட்ட கிழங்கை மேலே தள்ளிவிடும். புதிய குடியிருப்புகளின் வளவுகளில் இன்னொரு ஆபத்து உண்டு: மேலே மெல்லிய கறுப்பு மண், கீழே இறுகிய களி. பனி கரைந்த நீர் வடிய வழியில்லாமல் அங்கே தேங்கி நிற்க, கிழங்கு அழுகிவிடும். அழுகிய கிழங்கு அமுக்கினால் மெத்தென்று இருக்கும், நாறும். அதற்குக் காரணம் குளிர் அல்ல, வடிகால் இல்லாமை. ஈரக் களிமண்ணை மிதித்து இறுக்குவது அந்தக் கேட்டை இன்னும் பெருக்கும்.

தொட்டி மட்டும் விலக்கு. அடுக்குமாடி பால்கனியில் தொட்டியில் வைத்த கிழங்கை நாலு பக்கமிருந்தும் குளிர் தாக்கும். அது கடுங்குளிரில் உண்மையாகவே செத்துப்போகலாம். சூடேற்றாத கராஜ் இருப்பவர்கள் தொட்டியை உள்ளே நகர்த்திவிடுவது நல்லது.

2013-14 குளிர்காலத்தை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜனவரியில் வடதுருவத்துக் கடுங்குளிர்க் காற்றான துருவச் சுழல் தெற்கே சரிந்து வந்தது. மார்ச் 6ஆம் தேதி பேரேரிகளின் பரப்பில் 92.5 விழுக்காடு பனிக்கட்டியால் மூடியிருந்தது. 1973 முதல் உள்ள பதிவில் 1979 மட்டுமே அதை விஞ்சியது. அவற்றுள் ஒன்றான சுப்பீரியர் ஏரியில் ஜூன் தொடக்கத்திலும் பனிக்கட்டி மிதந்தது. ஏரி குளிர்ந்து கிடந்தால் கரையோரத் தோட்டம் பிந்தும். குளிர்காலத்தில் கரைக்கு இதமளிக்கும் அதே ஒன்டாரியோ ஏரி வசந்தத்தில் குளிர்காற்றை உள்ளே அனுப்புகிறது. ஏரிக்கரையிலுள்ள ஸ்காபரோ புளஃப்ஸ் பக்கத்து வீட்டுத் துலிப், கரையைவிட்டுத் தள்ளியிருக்கும் மார்க்கத்துத் துலிப்புக்குப் பின்னால் பூப்பதில் வியக்க ஒன்றுமில்லை. அந்த வசந்தத்தில் தோட்டங்கள் பிந்தின, ஆனாலும் பூத்தன.

பிந்திய வசந்தம் இன்னொன்றையும் செய்யும். வழமையான ஆண்டில் வரிசை ஒழுங்காக நகரும்: முதலில் ஸ்னோடிராப், பிறகு குரோக்கஸ், நீலச் சில்லா, டாஃபடில், ஹயசிந்த், கடைசியில் துலிப். ஏறக்குறைய இரண்டு மாதத் திருவிழா அது. குளிர் ஏப்ரல் கடைசிவரை நீண்டுவிட்டுத் திடீரென்று வெயில் வந்தால், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடிவந்து ஒரே பதினைந்து நாளில் பூக்கும். கண்ணுக்கு அது கொள்ளை அழகு. ஆனால் சூட்டில் பூ நீடிக்காது. இதமான குளிரில் இரண்டு வாரம் நிற்கும் துலிப், இருபத்தெட்டு பாகை வெயிலில் நாலைந்து நாளில் இதழ் கொட்டிவிடும்.

2018 அப்படியொரு ஆண்டு. ஏப்ரல் நடுவில் உறைமழைப் புயல் தென் ஒன்டாரியோவைப் பனிக்கட்டியால் பூசிப் போனது. எல்லைக்கு அப்பால், அலாஸ்காவும் ஹவாயும் நீங்கிய 48 அமெரிக்க மாநிலங்களை ஒன்றாக எடுத்தால், அந்த ஏப்ரல் 1997க்குப் பிறகு வந்த மிகக் குளிரான ஏப்ரல். அடுத்து வந்த மே, பதிவு தொடங்கிய நாள் முதலே மிகச் சூடான மே. வசந்தம் என்று ஒன்று இடையில் இருந்ததா என்றே கேட்கத் தோன்றும்.

இங்கேதான் இந்த மடலின் கவலை தொடங்குகிறது. பூ பிந்தியது நட்டமல்ல. நட்டம் பூவுக்குப் பிறகான காலம் சுருங்குவதில் இருக்கிறது.

நட்ட துலிப் கிழங்கு பூத்தவுடன் தீர்ந்துபோகிறது. தாய்க்கிழங்கு தன் சேமிப்பு முழுவதையும் தண்டுக்கும் பூவுக்கும் கொடுத்துச் சுருங்கி மறைய, அதன் செதில்களின் இடுக்கில் மகள் கிழங்குகள் திரளும். அடுத்த ஆண்டு பூப்பது அந்த மகள்தான். அவளுக்குச் சோறு ஊட்டுவது இலை. பூ வாடியதிலிருந்து இலை பழுத்துக் காயும்வரை உள்ள ஐந்தாறு வாரத்தில்தான் மகள் கிழங்கு பருக்கிறது. போதிய அளவு பருக்காவிட்டால் உள்ளே பூ உருவாகாது. கடையில் சுற்றளவு 12 சென்டிமீட்டர், அதற்கு மேல் என்று தரம் பிரித்து விற்பது இதனால்தான். சிறுத்துப்போன கிழங்கு அடுத்த வசந்தத்தில் அகலமான ஒற்றை இலை ஒன்றை மட்டும் நீட்டும். "முதல் வருஷம் நல்லாப் பூத்தது, பிறகு வெறும் இலைதான்" என்று பல வீடுகளில் கேட்கும் முறைப்பாட்டின் உண்மைக் கதை இது. பழி குளிர்மேல் விழுகிறது.

நெதர்லாந்தில் கிழங்கு விற்றுப் பிழைக்கும் விவசாயி என்ன செய்கிறார்? பூ விரிந்து, வகை சரிதானா, நோய் ஏதும் உண்டா என்று பார்த்துக்கொண்டதும், வயல் முழுவதும் பூத்தலையை இயந்திரத்தால் கொய்துவிடுகிறார். சுற்றுலாப் பயணிகளுக்கு அது நெஞ்சை உலுக்கும் காட்சி. இலையை மட்டும் அவர் தொடுவதில்லை. அது தானாகப் பழுக்கும்வரை நின்று கிழங்கை நிரப்புகிறது. அந்த நாட்டின் கடற்கரையோர வசந்தம் குளிர்ச்சியானது, நீளமானது. இலைக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும். காட்டுத் துலிப்பின் தாயகமான தியன் ஷான், பாமிர் மலைச்சரிவுகளில் குளிர்காலம் நீண்டது, வசந்தம் குறுகியது. அங்கே உள்ளவை பெரும்பாலும் சிறிய கிழங்கு, சிறிய பூ, வேகமான வாழ்வு. நம் வளவில் நடுவதோ நெதர்லாந்தின் இதமான வசந்தத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த பெரிய பூவகைகள். மலைவழி வந்த அவற்றுக்குக் கனடாவின் குளிர் புதிதல்ல. கனடாவின் அவசர வசந்தம்தான் அவற்றைக் களைக்கவைக்கிறது.

தலைநகர் ஒட்டாவாவின் துலிப் விழாவைக் காட்டி, "அங்கே பூத்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறார்களே" என்று சிலர் கேட்பதுண்டு. அந்தத் துலிப்புகளின் வரலாறு அருமையானது. 1940இல் நாஜிகள் நெதர்லாந்தைப் பிடித்தபோது டச்சு இளவரசி ஜூலியானா பிள்ளைகளோடு ஒட்டாவாவில் அடைக்கலம் புகுந்தார். 1943 ஜனவரி 19ஆம் தேதி அங்குள்ள சிவிக் மருத்துவமனையில் இளவரசி மார்கிரீட் பிறந்தார். பிள்ளை டச்சுக் குடியுரிமை மட்டுமே பெறவேண்டும் என்பதற்காக அந்தப் பிரசவ அறை கனடாவின் ஆட்சியெல்லைக்கு வெளியே என்று அறிவிக்கப்பட்டது. போர் முடிந்த 1945இல் நன்றியாக ஒரு லட்சம் கிழங்குகள் வந்தன. ஒளிப்படக்காரர் மலாக் கார்ஷ் தந்த யோசனையின் பேரில் 1953இல் விழா தொடங்கியது. இன்று தலைநகரில் சுமார் பத்து லட்சம் துலிப்புகள் பூக்கின்றன. முன்கூட்டிப் பூப்பது, இடையில் பூப்பது, பிந்திப் பூப்பது என்று வகைகளைக் கலந்து நடுகிறார்கள். விழாவின் நாளை மாற்ற முடியாது, வானிலையை நம்பவும் முடியாது. அங்கே பல பாத்திகளில் பூ முடிந்ததும் கிழங்கை அகற்றிக் கோடைப்பூ வைத்துவிட்டு, இலையுதிர்காலத்தில் புதிய கிழங்கு நடுவார்கள். ஆண்டுதோறும் புதிதாக வாங்கும் அரசுப் பூங்காவுக்கு அது சரி. ஒருமுறை வாங்கிப் பல ஆண்டு பார்க்க நினைக்கும் வீட்டுக்கு அது வழிகாட்டி ஆகாது.

இனி நேரே விஷயத்துக்கு வரலாம். மே மாதம் 25ஆம் தேதிக்கு முந்திய திங்கட்கிழமை விக்டோரியா தினம். அந்த நீண்ட வார இறுதியில்தான் நம் ஆட்கள் ஜன்னலோரம் வளர்த்த மிளகாய், கத்தரி, தக்காளிக் கன்றுகளை வெளியே வைப்பார்கள். பாகலுக்கும் புடோலுக்கும் பந்தல் எழும். வழமையான ஆண்டில் அதற்குள் துலிப் பெரும்பாலும் பூத்து முடிந்திருக்கும். பிந்திய ஆண்டில் அது அப்போதுதான் பூத்து வாடுகிறது. இலை பச்சைப்பசேலென்று இருக்கிறது, இன்னும் ஒரு மாதம் வேலை செய்யக் காத்திருக்கிறது. மிளகாய்க்கு இடம் வேண்டும் என்று அந்த இலையை அடியோடு அரிந்துவிடுகிறோம். குளிரால் தாமதமானதை நாம் பட்டினி போடுகிறோம்.

பூண்டு நட்டவர்களுக்கு இதையெல்லாம் சொல்லவே தேவையில்லை. அதே வளவில் அக்டோபரில் பூண்டுப் பல் நடுகிறார்கள். குளிர் பட்டால்தான் அது பல்லாகப் பிரியும். குளிர் கிடைக்காத பூண்டு பிரியாத ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும். ஏப்ரலில் முளை பிந்தினால் பூண்டுப் பாத்தியை யாரும் கிண்டுவதில்லை. ஜூலையில் கீழ் இலைகள் காய்ந்து வரும்வரை பொறுத்திருக்கிறார்கள். பச்சையாக அரிந்தால் பூண்டு சிறுத்துப்போகும் என்பது தெரியும். துலிப்பும் டாஃபடிலும் அதே கட்டமைப்பு, அதே கணக்கு. பூண்டுக்குக் காட்டும் பொறுமையில் பாதியையாவது பூவுக்குக் காட்டலாகாதா?

வாடிய பூவின் தலையை மட்டும் கிள்ளிவிடுங்கள். விதை கட்டினால் சத்து அங்கே போய்விடும். தண்டையும் இலையையும் விட்டுவிடுங்கள். பார்க்க அழகில்லை என்று டாஃபடில் இலைகளைப் பின்னலாக முடிந்துவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வெயில் படாத இலை எதையும் சமைக்காது, அதனால் அதுவும் வேண்டாம். மே கடைசியில் சூடு திடீரென்று ஏறும் ஆண்டில், மிளகாய்க்கு ஊற்றும்போது துலிப் இலைக்கும் ஒரு வாளி ஊற்றுங்கள். வறண்டால் இலை முந்திப் பழுத்துவிடும். மிளகாய்க் கன்றை இலைகளின் இடையே, கிழங்கில் கரண்டி படாத இடமாகப் பார்த்து வைக்கலாம். அது வளர்ந்து கிளைவிடும்போது இலை காய்ந்திருக்கும். இலை மஞ்சளாகி, மெல்ல இழுத்தால் கையோடு வருகிற நாள்தான் இலையை அகற்றும் நாள்.

வரும் அக்டோபரில் நடுவதென்றால் மரக்கறிப் பாத்தியை விட்டு விலகி நடுங்கள். துலிப்பில் அப்பல்டூர்ன் போன்ற டார்வின் ஹைபிரிட் வகைகள் மற்றவற்றைவிடப் பல ஆண்டு திரும்பி வரும். தியன் ஷான் மலையிலிருந்து வந்த டார்டா என்னும் குட்டைத் துலிப் இன்னும் உறுதி; மஞ்சளும் வெள்ளையுமாகத் தரையோடு விரியும். அணில் தொல்லை உள்ள வீடுகளுக்கு டாஃபடில் சிறந்தது. அதன் கிழங்கு நஞ்சு, அணில் தொடாது. வெங்காயம் என்று நினைத்து யாரும் சமையலுக்கு எடுத்துவிடாமல் கராஜில் பெயர் எழுதி வையுங்கள். துலிப்புக்கு மேல் கோழிவலைக் கம்பியைப் பரப்பி மண் மூடினால் அணிலின் கை எட்டாது, முளை மட்டும் இடுக்கால் வெளியே வரும்.

சென்ற ஆண்டு இலையை அரிந்துவிட்டவர்களின் பாத்தியில் இந்த வசந்தத்தில் ஒற்றை இலைகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கலாம். அவற்றைக் களையென்று பிடுங்கிவிடாதீர்கள். அந்த ஓர் இலையும் காயும்வரை வெயிலும் நீரும் பெற்றால், கிழங்கு மெல்லப் பருத்து ஒன்றிரண்டு ஆண்டில் மறுபடி பூக்கும் அளவுக்கு வந்துசேரும். இடம் மறந்துபோகாமல் இருக்க இப்போதே பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவிடுங்கள்.